ஊர் இழுத்த ஒயர்

ஏற்காடு பஜாரில் ஒரு கேபிள்காரனிடம் ஒரு மழைக்காலமும் ஒரு சீசனும் வேலை பார்த்தேன். அதற்கு முன்னால் சேலத்தில் லாரி கிளீனர், பெங்களூரில் ரேடியோ ரிப்பேர் கடை, ஓமலூர்ப் பக்கம் செங்கல் சூளை. எட்டாம் வகுப்போடு நின்றுபோனவன் நான். ஓர் இடத்தில் ஒரு வருஷம் தங்கினால் உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிடும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. டிஷ் வைத்து வீடுகளுக்கு ஒயர் இழுத்தவனெல்லாம் ஜமீன்தார் மாதிரி நடந்துகொண்ட காலம்.

என் முதலாளியின் கண்ட்ரோல் ரூம் ஒரு லாட்ஜின் பின்பக்கம், கக்கூசை ஒட்டி இருந்தது. எலி மூத்திர வாடையும் சூடேறிய வி.சி.ஆர். வாடையும் கலந்து வரும். அங்கே உட்கார்ந்துகொண்டுதான் பஜார் முழுவதையும் ஆண்டான். படம் புள்ளி புள்ளியாக வருகிறது என்று யாராவது வந்து சொன்னால் பொறுமையாகத் தலையாட்டுவான். அவர்கள் போனதும் ஏணியை எடுத்துக்கொண்டு போய் அந்த வீட்டு ஒயரைக் கழற்றிவிட்டு வருவான். "வாய்க் கொழுப்பு. கொஞ்ச நாள் காயட்டும்" என்பான். படத்தில் தாய் செத்துக்கொண்டிருக்கும்போது அவள் முகத்தின் மேல் அவன் மச்சினனின் ஜவுளிக்கடை விளம்பரம் ஊர்ந்து போகும். யாரும் கேட்க முடியாது. பஜாரில் வேறு டிஷ் கிடையாது.

ஒருநாள் வாழவந்திக்கு அப்பால் இருக்கும் ஒரு மலைக்கிராமத்திலிருந்து ஊர்க்கவுண்டர் வந்தார். கோயில் காரியம், வழக்கு, கல்யாணம் எல்லாவற்றிலும் அந்த ஊருக்காக முன்நின்று பேசுகிறவர் அவர். மழையில் நனைந்து, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு நின்றார்.

"ஏனுங்க, எங்கூருக்கும் இந்த ஒயரு இழுத்துத் தாங்க. ஆண்டெனா வெச்சா மழை பேஞ்சாப்புல தெரியுதுங்க, வேற ஒண்ணும் தெரியறதில்ல."

முதலாளி தீக்குச்சியால் பல் குத்துவதை நிறுத்தவில்லை. "அவ்வளவு தூரம் இழுத்து யாருக்குக் காட்டறது? காட்டுப் பன்னிக்கா?"

கவுண்டர் திரும்பினார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது என்னைப் பார்த்தார். "கண்ணு, இதுல அப்பிடி என்னதான் இருக்குது? நாமளே பண்ணிக்க முடியாதா?"

முடியும் என்றேன். டிஷ்ஷும் ரிசீவரும் சேலத்தில் நொடித்துப்போன கேபிள்காரர்களிடம் பழசாகக் கிடைக்கும். இடையிடையே பூஸ்டர் வைத்தால் படம் சோராமல் எவ்வளவு தூரமும் போகும். ஒயரை இழுத்துக் கட்ட ஆள் வேண்டும், அவ்வளவுதான். எனக்குச் சோறும் படுக்க இடமும் கொடுத்தால் வந்து செய்து தருகிறேன் என்றேன். அந்த வாரமே பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். முதலாளி என் பாக்கியைத் தரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மேலூரில் கோயிலும் கொஞ்சம் வீடுகளும். கீழூரில் மற்றதெல்லாம். இரண்டுக்கும் நடுவில் ஒரு காப்பி எஸ்டேட் நாக்கை நீட்டியதுபோல் இறங்கியிருந்தது. எஸ்டேட்டுக்குள், ஒற்றையடிப் பாதையை ஒட்டி, கூலிக்காரர்களின் லைன் வீடுகள். ஒரே நீளக் கூரை, அதற்குக் கீழே அறை அறையாகக் குடும்பங்கள். அவர்கள் தாத்தா காலத்தில் மலைக்குக் கீழே, கீழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஊர்க்காரர்கள் மலையிலேயே இருந்தவர்கள், சொந்தக் காட்டில் சாமையும் ராகியும் கொஞ்சம் காப்பியும் வைத்தவர்கள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். பாதை வெட்டுவதானாலும் கோயிலுக்குக் கூரை போடுவதானாலும் ஊட்டுக்கு ஒரு கை, அதாவது வீட்டுக்கு ஓர் ஆள் வேலை, கொடுக்க வேண்டும். கை போட்ட வீட்டுக்கு ஊர்த் திருவிழாவான நோன்பியன்று வெட்டும் கிடாயில் ஒரு கூறு. கை போடாத வீட்டுக்குக் கூறு கிடையாது, அது கவுண்டர் வீடாகவே இருந்தாலும். ஒயரையும் அப்படியே செய்தார்கள். கை போட்டவனுக்குக் கனெக்ஷன். எனக்கு அது பிடித்திருந்தது. பஜாரில் ஒருவனுக்குக் கும்பிடு போட்டே பழகியவனுக்கு, கோயில் வாசலில் உட்கார்ந்து எந்தச் சேனலை வைப்பது என்று கத்திச் சண்டை போடும் கூட்டத்தைப் பார்ப்பது சந்தோஷமாக இருந்தது.

டிஷ்ஷை லாரியில் கொண்டுவந்து ரோடு முடியும் இடத்தில் இறக்கினோம். அங்கிருந்து எஸ்டேட் பாதையில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். மூங்கில் கட்டி, பாடை தூக்குவதுபோல் தூக்கினார்கள். ஒரு திருப்பத்தில் சேறு. முன்னால் போனவர்கள் சறுக்க, டிஷ் சாய்ந்து நின்றுவிட்டது. அந்த நேரம் வேலை முடிந்து வந்த லைன் வீட்டு ஆட்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே தோள் கொடுத்தார்கள். மேலூர் வரைக்கும் அவர்கள்தான் தூக்கினார்கள்.

அவர்களில் ஒருவர் எஸ்டேட்டில் நிழல் கழிக்கிறவர். காப்பிச் செடிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் மழைக்கு முன்னால் ஏறிக் கிளைகளை வெட்டிவிடுவது அவர் வேலை. மேலூர் டிஷ்ஷிலிருந்து கீழூருக்கு ஒயரை எஸ்டேட் வழியாகக் கொண்டுபோக அந்த மரங்களை விட்டால் வேறு கம்பம் கிடையாது. எல்லா மரத்திலும் மிளகுக் கொடி சுற்றியிருந்தது. வெளியாள் ஏறினால் மிளகு திருட வந்தான் என்று எஸ்டேட் கணக்கு பார்க்கும் ரைட்டர் போலீசுக்குப் போவார். ஆகவே எஸ்டேட் ஆளேதான் ஏற வேண்டும். வேலை முடிந்த பிறகு வெளிச்சம் இருக்கும்வரை அவர் ஏறிக் கட்டினார். கூலி கேட்கவில்லை.

கடைசி மரத்திலிருந்து இறங்கியபோது கவுண்டர் அவர் முதுகில் தட்டினார். "நீயும் கை போட்டுட்ட. உங்க லைனுக்கும் ஒரு கூறு உண்டப்பா."

"சரிங்க கவுண்டரே" என்றார் அவர். முகத்தில் சிரிப்பு தெரியாத ஆள். அன்றைக்குச் சிரித்தார்.

அவருக்கு ஒரு மகள். எஸ்டேட்டில் லாரிக்கு மரக்கட்டை ஏற்றும்போது உருண்டு வந்த கட்டையில் அவள் வலது கால் நசுங்கியிருந்தது. வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரைதான் அவளால் போக முடியும். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனதிலிருந்து திரும்பும்வரை நிலைப்படியில் உட்கார்ந்து முறத்தில் காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருப்பாள். அவர் ஒரு லாட்ஜில் கழித்துப்போட்ட கறுப்பு வெள்ளை டீவியை வாங்கிவந்து, அறை மூலையில் பலகை போட்டு, அதன் மேல் துண்டைப் போர்த்தி வைத்திருந்தார். அவளுக்காகத்தான்.

ஒயர் அவர்கள் ஓட்டுக்கு ஒரு முழம் மேலே போனது. பூஸ்டர் பார்க்கப் போகும்போதெல்லாம் அவள் என்னைப் பிடித்துக்கொள்வாள்.

"ஏனுங்க ஒயர்க்காரரே, எங்க ஊட்டு ஓட்டு மேலதான படம் போவுது? காது வெச்சுக் கேட்டா சத்தமாச்சும் வருமா?"

"வராது கண்ணு."

"அப்ப ஓட்டுக்கு மட்டும் காட்றீங்க. ஓடு குடுத்து வெச்சது."

லைன் கனெக்ஷன் அடுத்த மாதம் ஆகும் என்று கவுண்டர் சொல்லியிருந்ததை நானும் சொல்வேன். "எந்த வருசத்து அடுத்த மாசம்?" என்பாள், முறத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

முதல் வருஷம் ஊர் ஒயர் நன்றாகத்தான் ஓடியது. மழையில் ஜாயின்ட்டுக்குள் தண்ணீர் இறங்கினால் யார் வீட்டுக்காரனாவது குடையோடு எனக்குத் துணை வருவான். ஒரு வீட்டில் ஆள் படுக்கையில் விழுந்து மாசப் பணம் கொடுக்க முடியாமல் போனபோது, அதைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. எனக்கு முறைச் சோறு, தினம் ஒரு வீடு. நிழல் கழிக்கும் காலம் வந்ததும் அவர் என்னிடம் வந்து கரண்டை நிறுத்தச் சொன்னார். ஒயரை மரம் மரமாக அவிழ்த்துத் தரையில் இறக்கி, கிளைகளை வெட்டிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பக் கட்டிவிட்டார். கீழூரில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

லைனுக்கு மட்டும் கனெக்ஷன் வரவில்லை. ஒயரைப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் வரவில்லை என்றார்கள். வந்தது. மழை விடட்டும் என்றார்கள். விட்டது. கடைசியில் நானே கூட்டத்தில் கேட்டேன். கோயில் வாசலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவங்களுக்குக் குடுத்தா கீழூர்ல படம் மங்கிப் போயிரும்" என்றான் ஒருவன்.

"மங்காதுங்க. பூஸ்டர் அங்கயே இருக்குது."

"அவங்க கோயிலுக்கு வரி குடுக்கறதில்ல."

"இது கோயில் இல்லீங்களே. கை போட்டாங்கல்ல."

கீழூரிலிருந்து வந்திருந்த ஒரு தோட்டக்காரர், காப்பி விற்ற காசில் கலர் டீவி வாங்கியவர், தொண்டையைக் கனைத்தார். "அதில்ல கண்ணு. ஒயரு மொதல்ல லைனுக்குப் போயி, பொறவு கீழூருக்கு வரோணும். அவங்க ஊட்டுக்குள்ள போன ஒயரு நம்ம ஊட்டுக்குள்ள வர்றதா? நம்ம ஊட்டுல சாமி படம் பாக்கறமுங்க."

நான் முதலில் அவர் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். "படம் அங்க போயித் திரும்பி வராதுங்க. நடுவுல ஒரு சின்ன டப்பா. அதுலருந்து தனியாப் பிரிச்சுக் குடுக்கறது" என்று கையால் காட்டி விளக்கினேன். ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். கவுண்டர் என் தோளைத் தொட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். "உனக்குத் தெரியாது கண்ணு. நீ வெளியூரு."

கத்தியிருந்தால் பரவாயில்லை. அந்தக் குழைந்த குரலைத்தான் தாங்க முடியவில்லை. லைன் ஆட்கள் சேற்றில் தோள் கொடுத்தபோது அது யார் தோள் என்று யாரும் பார்க்கவில்லை. ஒயரில் ஓடுவது என்ன என்றே தெரியாதவர்களுக்கு, அதில் தீட்டு ஓடும் என்பது மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது.

அன்றைக்கு எனக்கு அந்தத் தோட்டக்காரர் வீட்டில் முறைச் சோறு. போய்ச் சாப்பிட்டேன். பசிக்கிறவன் எந்த வீட்டுச் சோறு என்று பார்க்க முடியாது. கலர் டீவியில் பக்திப் படம் ஓடிக்கொண்டிருந்தது. குழம்பில் எண்ணெய் மிதந்தது. பாதியை வைத்துவிட்டு எழுந்தேன்.

கூட்டத்தில் நடந்ததை லைனுக்குப் போய் நான்தான் சொன்னேன். வரி என்று மட்டும் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. நிழல் கழிக்கிறவர் கேட்டுக்கொண்டார். மகள் டீவியின் மேலிருந்த துண்டை உதறித் திரும்பப் போட்டாள்.

அடுத்த நிழல் கழிப்பு வந்தது. அவர் என்னிடம் வரவில்லை. காலையில் கீழூர் முழுக்கப் படம் செத்துவிட்டது என்று ஆள் ஓடி வந்தான். எஸ்டேட் பாதையில் இறங்கிப் பார்த்தேன். வெட்டிப் போட்ட கிளைகள் பாதை நெடுக. அவற்றுக்குக் கீழே ஒயர் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு பூஸ்டர் டப்பா காப்பிச் செடியில் தொங்கியது. அவர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கொடுவாள் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அவுத்து வெச்சிருக்கலாமேண்ணா."

"கெளை கழிக்கறது எஸ்டேட் வேல தம்பி. ரைட்டர் சொன்னாரு, கழிச்சேன். ஒயரு ஊர்க்காரங்களுது. அவங்கதான் வந்து அவுத்துக்கோணும்." குரலில் கோபம் இல்லை. தீட்டுவதையும் நிறுத்தவில்லை.

ஊரில் கொதித்தார்கள். லைனுக்குப் போய் நாலு போடலாம் என்று சிலர் கிளம்பினார்கள். எஸ்டேட் ஆட்கள் மேல் கை வைத்தால் ரைட்டர் பாதையை அடைத்துவிடுவார் என்று கவுண்டர் நிறுத்தினார். அப்புறம் வெகுநேரம் பேசி, என்னிடம் ஒரு சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். ஒயரைத் திரும்பக் கட்டித் தந்தால், ஞாயிற்றுக்கிழமை லைன் ஆட்கள் மேலூருக்கு வரலாம். கோயில் மதிலுக்கு வெளியே உட்காரலாம். ஒரு வீட்டு டீவியை ஜன்னல் பக்கம் திருப்பி வைப்பார்கள்.

அந்தச் சொற்களை வாயில் வைத்துக்கொண்டு லைன் வரைக்கும் நடந்தேன். சொன்னேன். அவருக்கு முன்னால் மகள் பதில் சொல்லிவிட்டாள்.

"நான் நடந்து வரோணுமா ஒயர்க்காரரே, இல்ல டிஷ்ஷத் தூக்குனாப்புல ஊட்டுக்கு ஒரு கை போட்டுத் தூக்கிட்டுப் போவாங்களா?"

அவள் அம்மா உள்ளேயிருந்து அடக்கமாட்டாமல் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. "போங்க தம்பி" என்றார். "உங்க மேல ஒண்ணுமில்ல."

கீழூர் இருண்டு கிடந்த சேதி பஜாருக்குப் போக எத்தனை நாள் ஆகும்? வாழவந்தி பஸ்ஸில் யார் என்ன பேசினாலும் பொழுது சாயும்போது பஜாரில் தெரியும். என் பழைய முதலாளி ஜீப்பில் வந்தான். காட்டுப் பன்னிக்குப் படம் காட்ட இப்போது அவனுக்குச் சம்மதம். எஸ்டேட் மானேஜருக்கு ஒரு பாட்டில் கொடுத்து அனுமதி வாங்கினான். நிழல் கழிக்கிறவருக்கு நாள் கூலி பேசினான். லைன் வழியில் இருந்ததால் முதல் கனெக்ஷன் லைனுக்கே வந்தது.

அன்றைக்கு அந்தக் கறுப்பு வெள்ளைப் பெட்டியை டியூன் செய்து கொடுத்தது நான்தான். யாரோ ஒரு பெண் இந்தியில் பேசிக்கொண்டே கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தாள். மகள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"புரியுதா கண்ணு?"

"ஒண்ணும் புரியல. நொம்ப நல்லா இருக்குது. பேசாம இருங்க."

பிறகு முதலாளி மேலூர் வந்தான். கோயில் வாசலில் அவனுக்கு நாற்காலி போட்டார்கள். அதே வாசல். கவுண்டர் நின்றுகொண்டு பேசினார். அவன் ஊர் டிஷ்ஷைப் பார்த்து, "இதை இரும்புக்குப் போட்டுருங்க" என்றான். அவர்கள் சரி என்றார்கள். என்ன படம் போடுவது என்பதை இனி அவன் பார்த்துக்கொள்வான். சரி என்றார்கள். எல்லாவற்றுக்கும் சரி சொல்லிவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு தயங்கினார்கள். கலர் டீவிக்காரர்தான் கேட்டார்.

"ஒரே ஒரு விசயமுங்க. லைனுக்குப் போற ஒயரு வேற, எங்களுக்கு வர்ற ஒயரு வேற. அப்பிடி இழுத்துக் குடுக்க முடியுங்களா?"

முதலாளிக்கு ஒரு நொடிதான் ஆனது. அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். சந்தையில் மாட்டுக்குப் பல் இல்லை என்று கண்டுகொண்ட தரகன் முகம் அது. "தாராளமா. தனியாவே இழுத்துரலாம். மாசா மாசம் கொஞ்சம் எச்சா ஆகும், பரவாயில்லயா?"

பரவாயில்லை என்றார்கள். ஒரு முழ ஒயருக்கு என்னிடம் அரை நாள் கணக்குக் கேட்ட ஆட்கள். யாரும் பேரம் பேசவில்லை. வெற்றிலைத் தட்டு வந்தது. ஊருக்கே சொந்தமாக இருந்த ஒன்றை, பக்கத்து வீட்டுக்காரனோடு பகிர மனமில்லாமல், தங்களைப் பன்னி என்றவன் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் பணமும் கொடுத்தார்கள். எழுந்து மதிலுக்குப் பின்னால் போய்த் துப்பினேன். வெற்றிலை நான் போடவில்லை.

இரண்டு ஒயரையும் கட்டியவர் நிழல் கழிக்கிறவர்தான். ஒரே மரம், ஒரே ஆணி, ஒரே கை. ஒன்று லைனுக்கு, ஒன்று கீழூருக்கும் மேலூருக்கும். இரண்டும் பஜாரில் கக்கூஸ் பக்கத்து அறையிலிருந்துதான் வந்தன. ஊர் டிஷ்ஷின் வலையைக் கத்தரித்து ஆளுக்கு ஒரு துண்டு கோழிக் கூட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். அதையும் கூறு போட்டுத்தான் எடுத்தார்கள்.

என்னைப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. மாசப் பணம் வசூலித்துக் கொடுக்க இங்கேயே இரு என்று முதலாளி கேட்டான். கொஞ்ச நாள் இருந்து பார்த்தேன். வேறு இடம் உடனே கிடைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். மழை பிடித்துக்கொண்டது. எஸ்டேட்டில் வேலை பாதி நாள் இல்லை. லைன் ஆட்களால் பணம் கட்ட முடியவில்லை. ஒருநாள் ஜீப் ஹாரன் அடித்துவிட்டு ரோட்டிலேயே நின்றது. லைன் முழுக்கக் கழற்றிவிடச் சொல்லி முதலாளி நிழல் கழிக்கிறவருக்கு உத்தரவு போட்டான்.

அன்றைக்கே பையைக் கட்டினேன். எஸ்டேட் பாதையில் இறங்கும்போது அவர் லைனுக்கு நேரான மரத்தில் இருந்தார். மிளகுக் கொடி ஈரத்தில் மினுங்கியது. வீடு வீடாகக் கழற்றிக்கொண்டிருந்தார். கீழே பெண்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உங்க ஊட்டுதுமாண்ணா? நீங்கதான் அவன்கிட்ட வேல பாக்கறீங்க, உங்களுதை விட்டுருவானே."

"எங்களுத விட்டுரச் சொல்லித்தான் சொன்னாரு."

"அப்பறம்?"

அவர் குனிந்து பார்த்தார். "எல்லாருக்கும் கழட்டிட்டு எனக்கு மட்டும் வெச்சுக்கிட்டா, நாளைக்குக் கொழாயடியில இவங்க மூஞ்சில எப்பிடித் தம்பி முழிக்கறது?"

கதவு திறந்திருந்தது. மகள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள், பேச வேண்டாம் என்பதுபோல். மரத்தில் அவர் தன் வீட்டு ஒயரின் திருகைக் கழற்றினார். திரை வெள்ளையாகி இரைந்தது. அவள் உடனே அணைக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்த இரைச்சலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எட்டி நிறுத்தினாள், முறத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

பக்கத்தில் ஊருக்குப் போன ஒயரை அவர் தொடவில்லை. கொடியை விலக்கிப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கினார். வாழவந்தியில் பஸ் நின்றிருந்தது. உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சேலம் வரை நின்றே போனேன். வழியில் யாரோ கொடுத்த கொய்யாப்பழம் கையிலேயே இருந்தது, வாயில் வைக்கத் தோன்றவில்லை.